வாசகர் கேள்வி – பதில்: வரிக்கு வரி ‘வந்து’ வருகிறதே!

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் நான் பேசியதை செல்போனில் பதிவு செய்திருந்தார்கள். கேட்டால், வரிக்கு வரி ‘வந்து’, ‘அதாவது’. பேசும்போது தெரியவே இல்லை. எப்படி விடுவது?
– வாசகி, நாமக்கல்

பதில்: அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். அதில் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, பேசியதைத் திருத்தாமல் அப்படியே தாளில் எழுதுங்கள். ‘அ...’ என்று இழுத்ததையும் விடக் கூடாது. பிறகு ‘வந்து’, ‘அதாவது’ போன்ற, பொருள் இல்லாமல் வந்து விழும் வெற்றுச் சொற்களை வட்டமிட்டு, எந்த இடத்தில் விழுகின்றன என்று பாருங்கள். எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம்.

‘வந்து’ பெரும்பாலும் எழுவாயை ஒட்டி உட்காரும்: “நம்ம குழு வந்து, போன வருஷம் வந்து, பன்னெண்டு பேருக்கு வந்து, கடன் குடுத்துச்சு.” தமிழில் வினை கடைசியில் வரும். எந்த வினையில் முடிப்பது என்று முடிவு செய்யாமல் தொடங்கிவிட்டால், அது கிடைக்கும்வரை நாக்கு ‘வந்து’வைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘கடன் குடுத்தோம்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறங்கள்: “போன வருஷம் பன்னெண்டு பேருக்குக் கடன் குடுத்தோம்.” மூன்று ‘வந்து’வும் போயிற்று. (“அதிகாரி வந்து பார்த்தார்” என்பதில் இருப்பது உண்மையான வினை, அதை எண்ணாதீர்கள்.)

‘அதாவது’ வரும் இடம் வேறு. ஒரு விஷயத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வரும். அங்கே உதட்டை மூடி ஒரு மூச்சு இழுங்கள். வாய் திறந்தே இருந்தால் ‘அ...’ தானாகக் கிளம்பிவிடும். அந்த இடைவெளி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

வாரத்துக்கு ஒரு சொல் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழிக்கப் பார்த்தால், கவனமெல்லாம் அதிலேயே போய், சொல்ல வந்தது நழுவிவிடும். ‘வந்து’ போன இடத்தில் ‘ஸோ’ முளைக்கிறதா என்று அடுத்த பதிவில் பாருங்கள். மனப்பாடம் வேண்டவே வேண்டாம். ஒரு சொல் மறந்தால் அங்கேதான் ‘வந்து’ கொட்டும். முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் இரண்டையும் முழுதாக எழுதுங்கள். நடுவுக்கு நான்கைந்து குறிப்புச் சொற்கள்.

ஒத்திகையில் தோழி ஒருவர் ஒவ்வொரு ‘வந்து’வுக்கும் மேசையைத் தட்டட்டும். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இப்படிப்பட்ட வெற்றுச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவரை அமர்த்துகிறார்கள்.

கேள்வி: தயாரித்த பேச்சு சரளமாக வருகிறது. யாராவது கேள்வி கேட்டால் மட்டும் ‘ம்...’ என்று திணறுகிறேன்.
– வாசகர், திருச்சி

பதில்: கேள்வியை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: “வட்டி ஏன் கூடுச்சுன்னு கேக்குறீங்க.” அதற்குள் பதில் தொடங்க இடம் கிடைத்துவிடும். ‘நல்ல கேள்வி’ என்று ஆரம்பிக்காதீர்கள். நாலு முறை சொன்னால் அதுவும் வெற்றுச் சொல்தான். ஒன்றிரண்டு ‘ம்...’ மிஞ்சினால் விட்டுவிடுங்கள். யோசித்துச் சொல்கிறார் என்றுதான் எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார்.