ஜப்பானிய மொழியில் 'கக்கெரு' என்றால் என்ன? ஏன் அதற்கு இத்தனை அர்த்தம்?

ஒன்றை இன்னொன்றின் மேல் மாட்டுவது அல்லது படியவைப்பது: இதுதான் 'கக்கெரு'வின் அடிப்படைப் பொருள். கோட் ஒன்றை ஆணியில் மாட்டினாலும் கக்கெரு, மூக்குக்கண்ணாடியைக் காதில் மாட்டினாலும் கக்கெரு. நாற்காலியில் உட்காருவதைக்கூட 'கோஷி ஓ கக்கெரு' என்பார்கள். கோஷி என்றால் இடுப்பு. அதைக் கொண்டுபோய் நாற்காலியில் மாட்டிவிடுகிறார்கள்!

அப்புறம் டோஃபு (சோயா பன்னீர்) மேல் சோயா சாஸ் ஊற்றுவது, கதவைப் பூட்டுவது, போன் செய்வது, ஒரு வேலைக்கு நேரம் செலவிடுவது, ஏன், பெருக்கல் கணக்குக்கும் இதே சொல்தான். நம்முடைய 'போடு' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பூட்டுப் போடு, போன் போடு, கண்ணாடி போடு.

ஆனால் அதை நம்பிச் சட்டைக்கும் செருப்புக்கும் கக்கெரு சொல்லிவிடாதீர்கள். சட்டை போடுவது 'கிரு', செருப்புப் போடுவது 'ஹக்கு'.