வினைல் தரை: சேலத்துக்காரர்கள் கேட்டவையும் பதில்களும்

அழகாபுரத்திலிருந்து: கடையில ரோல், ஒட்டுற பலகை, எஸ்.பி.சி. கிளிக் பலகைன்னு மூணு காட்டுறாங்க. விலை மட்டும்தான் வித்தியாசமா?

இல்லைங்க. ஒட்டுற பலகை 2 முதல் 3 மி.மீ. தடிமன்தான், அடித்தரையில் இருக்கும் மேடு பள்ளம் அப்படியே மேலே தெரியும். ரோலும் அப்படித்தான், ஆனால் இணைப்பு குறைவு. எஸ்.பி.சி. என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்ந்த கெட்டிப் பலகை. ஒட்டாமல் ஒன்றுக்கொன்று பூட்டிவிடுவது. எதை வாங்கினாலும் மொத்தத் தடிமனை விட மேலடுக்கின் தடிமனைக் கேளுங்க. வீட்டுக்கு 0.3 மி.மீ., கடைக்கும் கிளினிக்குக்கும் 0.5. அந்த மேலடுக்குக்கு அடியில் இருப்பது வெறும் அச்சுப் படம். அது தேய்ந்தால் மரம் போல இழைத்துப் பாலிஷ் போட வழியில்லை.

சூரமங்கலத்திலிருந்து: பழைய ரெட் ஆக்சைடு தரை மேலேயே ஒட்டிடலாமா சார்?

ஒட்டுவதை மறந்துடுங்க. வருஷக்கணக்கில் எண்ணெயும் மெழுகும் ஊறின தரையில் கம் பிடிக்காது. ஓரங்கள்தான் முதலில் எழும்பும். எஸ்.பி.சி. போடலாம். 2 மீட்டர் நேரான அலுமினியப் பட்டையைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்க. அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் முதலில் தரையைச் சமமாக்கும் லெவலிங் காம்பவுண்ட் கலவை ஊற்றணும். சமமாக்காமல் போட்டால் நடக்க நடக்கப் பூட்டு உடையும்.

நாகலூரிலிருந்து: ஏற்காட்டுக் குளிருக்கு டைல்ஸ் சில்லுனு இருக்கு. வினைல் சரிவருமா?

காலுக்கு இதமாத்தான் இருக்கும். பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, ஈரத்துக்கு. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணின் ஈரம் தரை வழியாக ஏறும். 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்க. எடுக்கும்போது அடியில் நீர் முத்தோ தரையில் கருப்போ தெரிந்தால் ஈரம் ஏறுது. இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்யணும். ஏப்ரலில் எந்தத் தரையும் பாஸ் ஆகிடும். பாலித்தீனை விரித்து மூடிவிட்டால் போதும் என்பார்கள். ஈரம் அதோடு போகாது, ஓரமாக நகர்ந்து சுவர்ப் பூச்சில் உப்பாக வெடிக்கும். முதலில் வெளிச்சுவரை ஒட்டி நீர் தேங்காமல் வடிகால் வெட்டுங்க, அப்புறம் எப்பாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு, அப்புறம்தான் பலகை.

அஸ்தம்பட்டியிலிருந்து: மேற்குப் பார்த்த ஹால். போட்டு ரெண்டு மாசத்துல நடுவுல கூரை மாதிரி எழும்பிடுச்சு. பலகை போலியா?

பெரும்பாலும் பலகை மேல் தப்பு இருக்காது. வெயில் நேராக விழுந்தால் வினைல் நீளும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டிருக்கணும். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பாருங்க, பலகை சுவரை முட்டியிருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் பல சமயம் தானே படுத்துக்கும். வாசல் நிலையடியையும் பாருங்க, அவசரத்தில் இடைவெளி விட மறக்கிற இடம் அதுதான். ஜன்னலுக்குத் திரை கட்டாயம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: கொலுசுப் பட்டறைக்குப் போடலாமாண்ணா?

வேண்டாம் தம்பி. பற்றவைக்கும்போது சிதறும் ஒரு சூடான துளி போதும், உருகிக் கருப்புக் குழி விழும். பட்டறைக்குக் கோட்டா கல்லே மேல். முன்னால் இருக்கிற விற்பனை அறைக்கு வேணும்னா போடு.

ஐந்து ரோட்டிலிருந்து: பல் கிளினிக்குக்கு?

பலகை வேண்டாம், 2 மி.மீ. ஒரே சீரான ஷீட் ரோல் எடுங்க, அதாவது அச்சு அடுக்கு இல்லாமல் மேலிருந்து கீழ் வரை ஒரே பொருளாக இருப்பது. இணைப்பில் காடி போட்டு, வினைல் வெல்டிங் கம்பியை உருக்கி அடைக்கணும். ஆறும் முன் ஒரேயடியாகச் சீவினால் நடுவில் குழிந்துவிடும். முதல் சீவல் மேலோட்டமாக, ஆறியபின் இரண்டாவது. சுவரோரம் 10 செ.மீ. வளைத்து ஏற்றினால் துடைக்க மூலையே இருக்காது.

அம்மாபேட்டையிலிருந்து: 10க்கு 12 அறைக்கு எவ்வளவு வாங்கணும்? வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்திக் கழுவலாமா?

120 சதுர அடி, கழிவுக்கு 10 சதவீதம் சேர்த்து 132. முழுப் பெட்டியாகத்தான் தருவாங்க; மிச்சத்தைப் பரணில் வையுங்க, பிறகு அதே நிறம் கிடைக்காது. பெட்டிகளை 48 மணி நேரம் அறையிலேயே படுக்க வைத்துவிட்டுப் போடுங்க. ஊற்றிக் கழுவ வேண்டாம், இடுக்கில் இறங்கிய தண்ணீர் காயாமல் நாறும். பிழிந்த துணி போதும். ரப்பர் மிதியடியும் போடாதீங்க, மஞ்சள் கறை விழும், போகாது.