முத்தம் இல்லாத காதல் கதையை எது தூக்கி நிறுத்துகிறது?

கேள்வி இதுதான்: படுக்கையறைக் காட்சிகள் இல்லாத மென்மையான காதல் நாவல்களில், இந்தக் காலத்துக் கதையோ சரித்திரக் கதையோ, சில மட்டும் வருடக்கணக்காக மனதில் நிற்கின்றன. பல பத்தாவது அத்தியாயத்திலேயே சலித்துவிடுகின்றன. ஏன்?

பதினாறு வயதிலிருந்து இந்த வகைக் கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில் ஒரு அலமாரி முழுக்க மாத நாவல்கள், அடுத்த அலமாரியில் அட்டை கிழிந்த மில்ஸ் அண்ட் பூன் ஆங்கிலக் காதல் நாவல்கள். இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பேன். இப்போது இணையதளங்களில் வாரம் இரண்டு யூடி, அதாவது புது அத்தியாயம், வரும் தொடர்களைப் படிக்கிறேன். இவ்வளவு வருடப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இருபதாவது பக்கத்திலேயே அவனுக்கு அவளையும் அவளுக்கு அவனையும் பிடித்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படியென்றால் இருநூற்று ஐம்பதாவது பக்கம் வரை அவர்கள் ஏன் சேரவில்லை? இந்தக் கேள்விக்குக் கதை வைத்திருக்கும் பதில் கனமாக இருந்தால் நாவல் நிற்கும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக எழுதினாலும் சரிந்துவிடும். உடல் நெருக்கத்தை விரிவாக எழுதும் நாவல்களில் தடை கொஞ்சம் தொளதொள என்று இருந்தாலும் அந்தக் காட்சிகள் வாசகரை இழுத்துக்கொண்டு போகும். மென்மையான கதைக்கு அந்த வசதி கிடையாது. இடையில் நிற்கும் தடையும், அதைத் தாண்ட அந்த இரண்டு பேரும் செய்யும் காரியமும்தான் அதன் மொத்த முதல்.

தடை நன்றாக அமைந்தும், அதை விலக்குகிற இடத்தில் கதை கெட்டுப்போகலாம். இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன். அவர் எழுதி முடித்த கடைசி நாவல் 'பெர்சுவேஷன்'. ஆன் எலியட் பத்தொன்பது வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படை அதிகாரியை விரும்பி, திருமணத்துக்கும் சம்மதிக்கிறாள். அவனிடம் பணமில்லை. தாயில்லாத அவளுக்குத் தாய் போல இருந்த லேடி ரஸ்ஸல் 'வேண்டாம்' என்று சொல்ல, அவள் அவனை மறுத்துவிடுகிறாள். எட்டு வருடம் கழித்து அவன் கேப்டனாகத் திரும்பி வருகிறான். போரில் எதிரிக் கப்பல்களைப் பிடித்ததில் கிடைத்த 25,000 பவுண்டு கையில் இருக்கிறது. அவளுக்கு இப்போது இருபத்தேழு. பணத்தடை போய்விட்டது. அவனுக்குள் இருக்கும் காயம் போகவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேச முடியவில்லை. இது ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் புரிதல் பிழை இல்லை, அவள் உண்மையிலேயே அவனைக் கைவிட்டவள். அதனால்தான் நாவலின் ஒவ்வொரு பக்கமும் வலிக்கிறது.

இந்தக் கதையை ஆஸ்டன் முதலில் வேறு மாதிரி முடித்தார். 1816 ஜூலையில் எழுதிய அந்த முடிவில், ஆன் தெருவில் நடந்து போகிறாள். வென்ட்வொர்த்தின் அக்கா கணவரான அட்மிரல் கிராஃப்ட் அவளைப் பார்த்து வீட்டுக்குள் அழைத்துப் போகிறார். உள்ளே வென்ட்வொர்த் இருக்கிறான். ஆன் தன் உறவுக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்யப் போவதாக ஊரில் பேச்சு. அப்படி நடந்தால் அவளுடைய குடும்ப வீட்டில் வாடகைக்கு இருக்கும் அட்மிரல் அதைக் காலி செய்துகொடுக்கத் தயார். 'அது உண்மையா என்று நீயே கேள்' என்று வென்ட்வொர்த்தைத் தள்ளிவிட்டு அவர் போய்விடுகிறார். அவன் திணறிக்கொண்டு கேட்கிறான், அவள் இல்லை என்கிறாள், அவன் கையைப் பிடிக்கிறான். அவ்வளவுதான், சுபம்.

இது மோசமான காட்சி இல்லை. இன்று யாராவது தளத்தில் போட்டால் இதய எமோஜி குவியும். ஆனால் ஆஸ்டனுக்குத் திருப்தி இல்லை. மிகவும் சோர்ந்த மனதோடு ஓர் இரவு படுக்கப் போனவர், மறுநாள் காலையில் புதுத் தெளிவோடு எழுந்தார் என்று அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. உடம்பு சரியில்லாத நேரத்திலும் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடித்தார். அடுத்த வருடம் ஜூலையில் இறந்துபோனார். கைவிட்ட அந்த அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

புதிதாக எழுதியது என்ன? இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஒரு விடுதி அறை, உள்ளே சிலர். வென்ட்வொர்த் மேசையில் வேறு ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஜன்னல் பக்கம் ஆன் அவனுடைய நண்பர் ஹார்வில்லிடம் பேசுகிறாள். யாருக்கு நினைவு நீளம், ஆணுக்கா பெண்ணுக்கா என்று பேச்சு. நம்பிக்கை எல்லாம் போன பிறகும் நேசித்துக்கொண்டிருப்பது பெண்களின் பங்கு என்கிறாள் அவள். இந்தப் பேச்சின் நடுவிலேயே மேசைப் பக்கம் பேனா கீழே விழும் சத்தம் கேட்கிறது. அவன் காதில் விழுந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். ஹார்வில்லோடு வெளியே போனவன், கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து, சிதறிக் கிடக்கும் காகிதங்களுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான். 'பாதி வேதனை, பாதி நம்பிக்கை' என்று அவன் எழுதிய வரியை இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் முடிவில் வேலையெல்லாம் செய்தவர் அட்மிரல். காதலர்கள் இருவரும் அவர் தள்ளிவிட்ட திசையில் போகிறார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்டு ஒருமுறை அவனை இழந்தவள் ஆன். மறுபடியும் மூன்றாம் ஆள் ஒருவர் தயவில் அவன் கிடைத்தால் கதை எங்கே வளர்ந்தது? இரண்டாவது முடிவில் அவளே தன் மனதைத் திறந்து பேசுகிறாள், அவனே துணிந்து எழுதுகிறான். எட்டு வருடக் காயத்தை ஆற்றும் அளவுக்கு அந்தச் செயலில் கனம் இருக்கிறது. நம் குடும்ப நாவல்களில் கடைசி எபியில் (எபிசோடில்) பாட்டி மயங்கி விழுவார், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோடி சேர்ந்துவிடும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்மிரல் நினைவுதான் வருகிறது.

அந்தக் கடிதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிச்சயம் ஆகாத ஓர் ஆணும் பெண்ணும் தனியாகக் கடிதம் எழுதிக்கொள்வது அந்தச் சமூகத்தில் முறை இல்லை. ஆஸ்டனின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் தங்கை ஒருவனுக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்தே, இவர்களுக்குள் ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொள்கிறாள். அப்படிப்பட்ட உலகத்தில்தான் வென்ட்வொர்த் வேறு ஆள் இருக்கும் அறையில் காகிதத்தை நீட்டுகிறான். விதி இவ்வளவு இறுக்கமாக இல்லாவிட்டால் அது சாதாரணக் கடிதம்தான். சரித்திரக் காதல் கதை எங்கே ஜெயிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தின் கட்டுப்பாடே காதலைக் காட்டும் கருவியாக ஆகிவிடுகிறது.

தோற்கும் சரித்திரக் கதைகளில் காலம் வெறும் திரைச்சீலையாகத் தொங்கும். சோழர் கால அரண்மனைச் சமையலறையில் மிளகாய் வாசனை வந்த தொடர் ஒன்றைப் படித்தேன். மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் நம் அடுப்படிக்கு வந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தத் தொடரின் இளவரசி இன்றைய கல்லூரிப் பெண் போல யோசிக்கிறாள், நினைத்தபடி தனியாகக் குதிரையேறிப் போகிறாள், அரசனை எதிர்த்துப் பேசுகிறாள், எதற்கும் அவள் விலை கொடுப்பதில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. துணிச்சலான பெண் எல்லாக் காலத்திலும் இருந்திருப்பாள். ஆனால் ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஒரு விலையும் இருந்திருக்கும். அதைக் காட்டாமல் எழுதினால் துணிச்சலும் தெரியாது.

தடையைக் காலத்திலிருந்தும் ஊரிலிருந்தும் எடுக்கும் கலை நமக்குப் புதிதும் இல்லை. அகநானூறு 122-ஐ எடுத்துப் பாருங்கள், பரணர் பாடியது. இரவில் காதலனைச் சந்திக்கக் காத்திருக்கும் பெண் சொல்கிறாள்: திருவிழா இல்லாவிட்டாலும் இந்த ஊர் தூங்குவதில்லை. ஊர் அடங்கினால் அம்மா தூங்குவதில்லை. அம்மா தூங்கினால் காவலர்கள் சுற்றுகிறார்கள். அவர்கள் அயர்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் ஓய்ந்தால் நிலா பகல் போலக் காய்கிறது. நிலா மறைந்தால் கூகை அலறுகிறது. அதுவும் அடங்கினால் கோழி கூவிவிடுகிறது. இவை எல்லாம் ஒன்றாக அடங்கிய ஒருநாள், அவன் வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இது. ஒரு தடைகூட செயற்கையாக இல்லை, எல்லாம் அந்த ஊரில் தினமும் இருப்பவை. ஒவ்வொன்றாக அடங்க அடங்க நமக்கு மூச்சு முட்டுகிறது. அப்புறம் அவன் வராத அந்த ஓர் அடி.

சரி, இந்தக் காலத்துக் கதைக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலானவை தடுமாறுகின்றன. கையில் செல்போன் இருக்கும் இரண்டு பேரைப் பிரித்து வைக்க எழுத்தாளர் படாத பாடு படுகிறார். பாதி பேச்சை மட்டும் ஒட்டுக்கேட்ட நாயகி ஊரை விட்டே போய்விடுவாள். வில்லி அத்தைப் பெண் ஒரு போட்டோவை அனுப்புவாள். அதுவும் போதாவிட்டால் விபத்து, நினைவு போய்விடும். 'ஒரு நிமிடம் பேசினால் முடிந்ததே' என்று வாசகருக்குத் தோன்றிவிட்டால் அதற்கு மேல் அந்தக் கதையைக் காப்பாற்ற முடியாது.

இந்தக் காலத்தில் உண்மையான தடைகளுக்குப் பஞ்சமா என்ன? அப்பாவின் டயாலிசிஸ் செலவு. தம்பி படிப்புக்கு வாங்கிய கடன். முதல் திருமணம் முறிந்த பெண்ணும் அவளுடைய ஆறு வயது மகனும். ஒருத்திக்கு ஓசூரில் வேலை, அவனுக்குத் தூத்துக்குடியை விட்டு வர முடியாத சூழல். இவற்றில் எதையும் ஒரு போன் பேச்சில் தீர்க்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரியது சாதி. நம் குடும்ப நாவல்களில் குலதெய்வக் கோயில் பொங்கல் மூன்று எபிக்கு நடக்கும். யாருக்குப் பிரம்பு, யாருக்குப் பரிவட்டம் என்பதுவரை விவரமாக வரும். சாதி என்ற சொல் மட்டும் வராது. பெரிய வீட்டுப் பையனும் ஏழைப் பெண்ணும் என்று பண வித்தியாசத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மனதுக்கு இதமான கதையில் கசப்பு வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அந்தத் தடையைக் கண்ணெடுத்துப் பார்த்துவிட்டு, அதையும் மீறி இரண்டு பேரை நம்பும்படியாகச் சேர்த்துவைக்கும் கதை கிடைத்தால், அதைவிட இதமான கதை இருக்க முடியுமா?

கோபக்கார ஆன்டி ஹீரோ கட்டாயத் தாலி கட்டும் கதைகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் படுக்கையறைக் காட்சி இல்லாமல் இருக்கலாம். அதனால் மட்டும் அவை மென்மையான கதைகள் ஆகிவிடாது. இந்த வகையின் இன்பமே அவள் வாயிலிருந்து வரும் 'சரி'க்குக் காத்திருப்பதில் இருக்கிறது. இரண்டாவது அத்தியாயத்திலேயே மிரட்டித் தாலி கட்டியாகிவிட்டால் அந்தச் 'சரி'க்கு மதிப்பு ஏது? பின்னால் அவன் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் எனக்குள் எதுவும் அசைவதில்லை.

முடிவு சுபமாகத்தான் இருக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். இந்த வகைக்கு ஆமாம் என்றுதான் சொல்வேன். அது வாசகருக்குக் கொடுத்த வாக்கு. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' மாபெரும் காதல் கதை. தன்னை ரகசியமாக மீட்க வாதாபிக்கே வந்த மாமல்லரோடு போக மறுத்து, நகரை எரித்த பிறகு அழைத்துப் போங்கள் என்கிறாள் சிவகாமி. வெளித்தடை எல்லாம் தாண்டி அவன் வந்து நிற்கும்போது அவளுடைய சொந்த வாக்கே தடையாகிறது. ஒன்பது வருடம் கழித்து வாதாபி விழுகிறது, அதற்குள் மாமல்லருக்குத் திருமணமாகிக் குழந்தைகளும் இருக்கிறார்கள். அதைப் படித்து அழுதிருக்கிறேன். ஆனால் வேலை முடிந்து அலுத்து வந்த இரவில் நான் தேடும் கதை அது இல்லை. சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தே, எப்படிச் சேர்வார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் இதைப் படிக்கிறோம். அதற்காக ஐந்து வருடம் கழித்து இரட்டைக் குழந்தைகளோடு ஒரு எபிலாக் கட்டாயம் இல்லை.

முத்தம் இல்லாத இடத்தில் காதலை எதைக் கொண்டு காட்டுவது என்று எழுத விரும்பும் சிலர் கேட்கிறார்கள். கவனிப்பைக் கொண்டு காட்டுங்கள். வென்ட்வொர்த் கோபத்தில் இருக்கும் காலத்தில்கூட, நீண்ட தூரம் நடந்து ஆன் களைத்துப் போனதைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் அவளைத் தன் அக்காவின் வண்டியில் ஏற்றிவிடுகிறான். அந்த இடத்தில் ஆஸ்டன் அவர்களுக்கு ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை.

தளம் ஒன்றில் வந்த ஒரு தொடரில் நாயகிக்கு வலது காது சரியாகக் கேட்காது. அலுவலகத்தில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. நாயகன் எப்போதும் அவளுக்கு இடது பக்கமாகவே நடப்பான், கேன்டீனில் இடது பக்க நாற்காலியில்தான் உட்காருவான். கதை அதைப் பற்றி வாயே திறக்காது. முப்பதாவது எபியில் ஒரு மழை நாள். இடது பக்கம் சாலையோரம் முழுக்கத் தண்ணீர், வலது பக்கம் காய்ந்த நடைமேடை. அவன் தண்ணீரில் இறங்கி நடந்துகொண்டே பேசுகிறான். அவள் அவனுடைய நனைந்த செருப்பைப் பார்க்கிறாள். இத்தனை நாளும் அவன் எந்தப் பக்கம் நடந்தான் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறாள். அந்த எபியை அன்றிரவே மூன்று முறை படித்தேன்.