‘கன்ஃபார்ம் ஜோடி’ வாங்கியவரின் கதை: லவ் பேர்ட்ஸ் கேள்வி-பதில்

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியக் குட்டிக்கிளிதான். சுருக்கமாக பட்ஜி. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதை வாங்குவது, வளர்ப்பது, குஞ்சு எடுப்பது பற்றியவை.

மகளின் பிறந்தநாளுக்காக ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி வாங்கினோம். “கன்ஃபார்ம் ஜோடி, ரெண்டே மாசத்துல குஞ்சு பார்க்கலாம்” என்றார் விற்றவர். நாலு மாதமாகிவிட்டது. முட்டையிடத் தொங்கவிட்ட பானைக்காக இரண்டும் சண்டை போடுகின்றனவே தவிர முட்டையைக் காணோம். இரண்டுக்கும் மூக்கு பழுப்பு நிறம். திருப்பிக் கொடுக்க முடியுமா?
(வாசகி, மதுரை)

இரண்டுக்கும் மூக்கு பழுப்பு என்றால் இரண்டும் பெண்தான். அலகுக்கு மேலே துளைகள் உள்ள சதைப்பட்டையைத்தான் வளர்ப்பவர்கள் மூக்கு என்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். பெண்ணுக்கு வெளிறிய வெண்மை அல்லது மிக வெளிர் நீலமாக இருந்து, முட்டையிடத் தயாராகும்போது பழுப்பேறிச் சொரசொரப்பாகும். ஆக, உங்கள் பெண்கள் இரண்டும் தயாராகத்தான் இருக்கின்றன, ஆண்தான் இல்லை. கூடு பிடிக்க ஆண்களைவிடப் பெண்களே மோசமாகச் சண்டை போடும், ரத்தக் காயம்கூட ஆகும். இன்றைக்கே பானையைக் கழற்றிவிடுங்கள். பானை இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் பெரும்பாலும் ஒரே கூண்டில் காலம் தள்ளிவிடும்.

இந்த நீலம்-பழுப்புக் கணக்கு எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. முழு வெள்ளை, முழு மஞ்சள் ரகங்களில் (ஆல்பினோ, லுட்டினோ) ஆணின் மூக்கு பெரிதானாலும் இளஞ்சிவப்பு-ஊதாவாகவே நிற்கும். மூன்று, நாலு மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளில் யாருக்குமே உறுதியாகச் சொல்வது கடினம். குஞ்சில் மூக்கு முழுக்க ஒரே ரோஸ் நிறமாக இருந்தால் ஆணாக இருக்கலாம், துளையைச் சுற்றி வெண்வளையம் தெரிந்தால் பெண்ணாக இருக்கலாம். இரண்டிலும் ‘லாம்’தான். குஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு ‘கன்ஃபார்ம்’ என்கிறவர் ஒன்று ஊகிக்கிறார், இல்லை கதை அளக்கிறார்.

திருப்பிக் கொடுப்பது பற்றி. சரக்கு விற்பனைச் சட்டத்தில் பறவையும் ஒரு அசையும் பொருள்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு நாலு மாதம் ஓடிவிட்டது, கையில் பில்லும் இருக்காது என்றே நினைக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆனால் சில நூறு ரூபாய்ப் பறவைக்காக, கடைப்பலகைகூட இல்லாத ஒருவரைத் தேடி அலைவது வீண் என்பதே என் கருத்து. அதே சந்தையில் அவரைப் பார்த்தால் ஒரு பெண்ணுக்குப் பதில் ஆண் கேளுங்கள். வாடிக்கை வியாபாரி என்றால் பெரும்பாலும் மாற்றித் தருவார்.

அடுத்த முறை ஒரு வெள்ளைத் தாளிலாவது “ஒரு ஆண், ஒரு பெண், மாறியிருந்தால் மாற்றித் தரப்படும்” என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் “குஞ்சுதானே, உறுதியா சொல்ல முடியாது” என்று உண்மைக்கு வந்துவிடுவார்கள்.

முதல் தடவையாக வாங்கப்போகிறேன். கடையில் எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகர், கோவை)

முதலில் பறவையிடம் போகாதீர்கள். கூண்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். ஆள் கிட்டே வந்ததும் நோயுள்ள பறவைகூட இறகை ஒடுக்கி, நிமிர்ந்து நடிக்கும். காட்டில் சோர்வைக் காட்டினால் வேட்டையாடிக்கு இரையாக வேண்டியதுதான் என்பதால் வந்த பழக்கம் இது. தள்ளி நின்றால்தான் எது மூலையில் உப்பிப்போய்த் தூங்குகிறது, எது மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டுகிறது என்று தெரியும். பகலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூங்கினால் பரவாயில்லை. இரண்டு காலிலும் உட்கார்ந்து, கண் சொருகி, உப்பியிருந்தால் வேண்டாம்.

அப்புறம் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். நெஞ்செலும்பைத் தடவினால் இருபக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்பட்டால் பறவை பட்டினியில் இருக்கிறது அல்லது நோயில் இருக்கிறது. அடிவயிற்றுக்குக் கீழே இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மூக்கு, அலகு ஓரம், கால்களில் சுண்ணாம்பு பூத்ததுபோல் தேன்கூட்டுப் பொருக்கு இருந்தால் அது செதில் பேன். இதற்கு மருந்து உண்டு. கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டினை அளவாகக் கொடுத்துக் குணப்படுத்துவார். ஆனால் அந்தக் கூண்டில் மற்ற பறவைகளுக்கும் அது இருக்கும், எனவே அந்தக் கடையையே விட்டுவிடலாம்.

வயதைக் கண்டுபிடிக்க நெற்றியைப் பாருங்கள். மூக்கு வரைக்கும் கறுப்பு வரிகள் இறங்கியிருந்தால் குஞ்சு. மூன்று, நாலு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெறுமையாகிவிடும். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். வளர்ந்தபின் பெரும்பாலான ரகங்களில் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். கையில் பழக்க விரும்பினால் வரியுள்ள இளசு நல்லது. ஆனால் தானாகத் தானியம் உடைத்துத் தின்னத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குக் குறைந்ததை, “ஊட்டி வளர்த்தால் நல்லா பழகும்” என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். ஊட்டத் தெரியாதவர் கையில் அது புரையேறியே செத்துப்போகும்.

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதியதை ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். சிட்டகோசிஸ் என்ற கிளிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது. கூண்டுத் தட்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தைக் காய்ந்த தூசியாகக் கிளப்பாமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

ஆன்லைன் விளம்பரத்தில் படம் பார்த்து ‘அட்வான்ஸ்’ அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். நேரில் பார்க்காத பறவையிடம் மேலே சொன்ன எதையுமே சோதிக்க முடியாது. பணம் போயே போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

கூண்டு, பானை, தீனி எல்லாம் சேர்த்து ‘காம்போ’வாகக் கடையில் தருகிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

காம்போவில் வரும் கூண்டு பொதுவாகச் சின்னது, சில சமயம் வட்டமானது. இரண்டையும் தவிருங்கள். பட்ஜி மேலும் கீழுமாகப் பறக்காது, பக்கவாட்டில்தான் பறக்கும். எனவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பிவலையில் பொடிப்பொடியாகப் பிசிறு நிற்கும், பறவை அதைக் கொத்தித் தின்றால் விஷம். வினிகரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தபின் பயன்படுத்துங்கள். உள்ளே வரும் ஒரே தடிமனான பிளாஸ்டிக் குச்சியைத் தூக்கிப்போட்டுவிட்டு, வேம்பு அல்லது கொய்யாக் கிளை வையுங்கள். தடிமன் மாறி மாறி இருந்தால் பாதத்தில் புண் வராது. செலவும் இல்லை.

பானையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் மழை பெய்து புல் விதை கிடைக்கும்போது இந்தப் பறவை மரப்பொந்து தேடி முட்டையிடும். நம் வீட்டிலோ தீனி வருடம் முழுக்க, பொந்தும் வருடம் முழுக்க. அதன் கணக்கில் எந்நாளும் மழைக்காலம். பானையைத் தொங்கவிட்டபடியே இருந்தால் பெண் ஓயாமல் முட்டையிட்டு, உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, ஒருநாள் முட்டை வெளிவராமல் கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்திருக்கும். அப்போது வெதுவெதுப்பான இடத்தில் வைத்து உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய் தடவி அமுக்கும் வைத்தியம் முட்டையை உள்ளேயே உடைத்துவிடும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைக்கு ஒரு வயதாகும்வரை பானையோ கூட்டுப் பெட்டியோ வேண்டாம். வருடத்துக்கு இரண்டு ஈட்டோடு (ஒரு தடவையில் இட்டு அடைகாக்கும் முட்டைகள் ஒரு ஈடு) கழற்றி வைத்துவிடுங்கள். பெட்டி வாங்கினால் அடிப்பலகையில் குழி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தட்டையான பலகையில் வளரும் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். இந்த ஒரு விஷயத்தில் மண் கலயம் மேல். ஆனால் உள்ளே பார்ப்பதும் சுத்தம் செய்வதும் பெரும்பாடு.

ஐந்து முட்டை இருக்கிறது. முதல் முட்டை இட்டு 20 நாளாகியும் ஒன்றும் பொரிக்கவில்லை. “ஆண் சரியில்லை, வேறு வாங்கிக்கோங்க” என்கிறார் கடைக்காரர்.
(வாசகி, நாகர்கோவில்)

அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முட்டை வரும், ஒவ்வொன்றுக்கும் அடைகாக்க ஏறக்குறைய 18 நாள். பல பெண்கள் இரண்டாவது முட்டைக்குப் பிறகே ஒழுங்காக உட்காரும். ஆகவே உங்கள் முதல் முட்டைக்கே இன்னும் காலம் இருக்கலாம், கடைசி முட்டைக்கு நிச்சயம் இருக்கிறது. பெண் வெளியே வரும்போது முட்டையின் பின்னால் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்போ இருண்ட உருவமோ தெரிந்தால் கரு இருக்கிறது. எல்லாமே தெளிவாக மஞ்சளடித்தால் கூமுட்டை. அப்படியே இருந்தாலும் உடனே எடுக்க வேண்டாம், எடுத்தால் அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடும். பெண்ணே சலித்து விடும்வரை இருக்கட்டும்.

கூமுட்டைக்கு ஆடும் குச்சியும் ஒரு காரணம். பிடிமானம் இல்லாமல் இணை சேர முடியாது. ஆணை மாற்றுவதற்கு முன் அந்தக் குச்சியைக் கம்பி போட்டு இறுக்கிப் பாருங்கள்.

கடைப் பாக்கெட் தீனியா, மளிகைக் கடைத் தினையா?
(வாசகர், சேலம்)

தினைதான், ஆனால் உமியோடு உள்ள தினை. நாம் சமைக்க வாங்கும் தீட்டிய தினையரிசி சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். பனிவரகு, சாமை கலந்தால் இன்னும் நல்லது. எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டிவைத்துப் பாருங்கள். மூன்று, நாலு நாளில் பெரும்பகுதி முளைக்கவில்லை என்றால் பழைய சரக்கு. தானியம் மட்டுமே கொடுத்தால் வைட்டமின் ஏ குறையும். கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட் ஆகியவற்றைக் கழுவிக் கொடுங்கள். அவகேடோ, சாக்லேட், காபி கூடவே கூடாது.

சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு வேண்டும். பறவைக் கடையில் கேட்கும் விலைக்கு முன், நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டுப் பாருங்கள், அதே சரக்குதான். கூடவே தரும் மஞ்சள் மருந்துப் பொடியை வாங்காதீர்கள். பல சமயம் அது ஆன்டிபயாடிக், அளவு தெரியாமல் தண்ணீரில் கலப்பதால் தொல்லைதான் மிஞ்சும்.

கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று நம்பாதீர்கள். மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கும். தினம் ஊதிவிட்டுப் பாருங்கள்.

பத்து ஜோடி வாங்கினால் குஞ்சுகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு பண்ணை சொல்கிறது. பகுதி நேர வருமானமாகுமா?
(வாசகர், திருப்பூர்)

பெருந்துறை உங்களுக்குப் பக்கத்து ஊர். 2012-இல் ஈமு கோழிகளைக் கொடுத்து, பராமரிப்புக்குப் பணமும் தந்து, திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன திட்டங்கள் கவிழ்ந்தபோது என்ன ஆனது என்று அங்கே யாரையும் கேளுங்கள். குஞ்சை அவர்கள் யாருக்கு விற்பார்கள் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ‘புதிதாகப் பண்ணை ஆரம்பிப்பவர்களுக்கு’ என்று பதில் வந்தால் அடுத்தவர் பணத்தில்தான் உங்கள் வருமானம் நிற்கிறது.

ஒரு ஜோடி வருடத்துக்கு இரண்டு ஈடு, ஈட்டுக்கு நாலு குஞ்சு என்று வையுங்கள். பத்து ஜோடிக்கு 80. அதே பண்ணையில் வாங்கிய ஐம்பது பேரிடமும் இதே கணக்கு ஓடும்போது உள்ளூர்க் கடை என்ன விலை தரும்? தாய்ப்பறவைகளுக்கு மட்டுமே மாதம் ஐந்து கிலோ தானியம் வரை ஆகும், குஞ்சுகள் தனி. உங்கள் ஊர்க் கடைகள் இரண்டில் போய், விற்பவராக விலை கேட்டுப் பாருங்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். ஆசைக்கு இரண்டு ஜோடி வளர்க்கலாம். கடன் வாங்கிப் பத்து வேண்டாம்.

லவ் பேர்ட்ஸ் வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா?
(வாசகர், சென்னை)

பட்ஜிக்கு வேண்டாம். காக்டெயில் என்ற கொண்டைக்கிளிக்கும் வேண்டாம். இவை இரண்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்ஸில் இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே, சன் கோனூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். விற்கும் கடை 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் ஊர்ப் பச்சைக்கிளி, சாயம் பூசியோ பூசாமலோ விற்கப்படும் முனியாச் சிட்டு ஆகியவற்றின் கதை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அவற்றை விற்பதும் குற்றம், வாங்கி வளர்ப்பதும் குற்றம். பட்ஜிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே அவற்றையும் ஒரு கடையில் மறைத்து விற்றால், அங்கே எதையும் வாங்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.