நிரந்தரப் புல்நிலத்தை ஒரே செய்மதிப் படத்தைக் கொண்டு வரைபடமாக்கலாமா?

கொழும்பில் புவியியல் பயிலும் மாணவர் ஒருவர், இலங்கை முழுவதற்கும் நிரந்தரப் புல்நில வரைபடம் தயாரிக்கத் தெளிவான ஒரு செய்மதிப் படம் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

போதாது. ஒரு நிலம் பல ஆண்டுகளாக உழப்படாமல் கிடந்ததா என்பதை ஒருநாட் படம் காட்டாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாயக் கொள்கை, 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ பயிர்ச் சுழற்சியில் சேராத புல் நிலத்தையே நிரந்தரப் புல்நிலமாகக் கணக்கிடுகிறது. ஆகவே பல ஆண்டுப் படத்தொடர் இன்றியமையாதது. ஒரு படப்புள்ளி நிலத்தில் 10 மீற்றரைக் குறிக்கும் நுணுக்கம் கொண்ட, ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2இன் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன.

இப்படத்தொடரில் நெல்வயலையும் புல்நிலத்தையும் பிரித்தறியலாம். பெரும்போகத்துக்கு நீர் பாய்ச்சியதும் வயலின் அண்மை அகச்சிவப்புத் தெறிப்பு (பச்சைத் தாவரம் வலுவாகவும் நீர் மிகக் குறைவாகவும் திருப்பியனுப்பும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) சட்டென்று விழுந்து, பயிர் வளர வளர ஏறி, அறுவடையோடு மீண்டும் சரியும். ஊவாவின் பத்தனாப் புல்வெளியிலோ மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப அது மெதுவாகவே ஏறியிறங்கும். உண்மையான சிக்கல் மகாவலிக் கரையோரத்தில் வில்லு எனப்படும் வெள்ளச் சமவெளி நிலங்களில்தான். வடகீழ்ப் பருவமழையில் அவை நீரில் மூழ்கி, வெள்ளம் வடிந்தபின் புல் தழைப்பதால், நீர் நின்ற இடமெல்லாம் வயல் என்று விதி வகுத்தால், யானைகளும் கால்நடைகளும் மேயும் அந்த அரிய புல்நிலங்கள் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும். அங்கே வரப்புகளின் ஒழுங்கான வடிவத்தையும், சிறுபோகத்தில் இரண்டாம் முறை நீர் கட்டப்படுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முகில் மூடிய மாதங்களுக்குச் சென்டினல்-1 ரேடார் தரவு உதவும். இவற்றுக்குப் பின்னரும் ஐயத்துக்குரிய இடங்களை நேரில் சென்று சரிபார்த்தே ஆகவேண்டும்.