குயீன் ஜோடியை மடக்கலாமா?

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகத் தினமும் போக்கர் புதிர்களைப் போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் விடை சரியாக வருகிறது. டோர்னமெண்டில் உட்கார்ந்தால் மட்டும் பரிசுக்குப் பக்கத்தில் போய் வெளியேறிவிடுகிறேன்.

ஒரு புதிரைச் சொல்கிறேன். நான்கு பேர் மிச்சம், முதல் மூன்று இடங்களுக்குத்தான் பரிசு. மொத்தப் பரிசுத் தொகையில் 50, 30, 20 சதவீதமாகப் பிரிகிறது. நால்வரிடமும் சம அளவு சிப்ஸ். ரொம்ப இறுக்கமாக ஆடும் ஒருவர் ஆல் இன் போகிறார், அதாவது தன் சிப்ஸ் அத்தனையையும் பந்தயமாக வைக்கிறார். நம் கையில் குயீன் ஜோடி. விடை: ஃபோல்ட், அதாவது மோதாமல் கையை மடக்கிவிட வேண்டும்.

சமீபத்தில் இதே நிலைமை எனக்கே வந்தது. ஆல் இன் போனவர் வெகு நேரமாக எந்தக் கை வந்தாலும் அப்படியே செய்துகொண்டிருந்தார். புதிர் ஞாபகம் வந்தது, குயீன் ஜோடியை மடக்கிவிட்டேன். அடுத்த கையில் என் நண்பர் ஏஸ்-ஒன்பதை வைத்து அவரைக் கால் செய்து (பந்தயத்தை ஏற்று மோதி), ஜெயித்து, கடைசியில் முதல் பரிசையும் வாங்கினார். புதிர் பக்கமே போகாதவர் அவர். அப்படியானால் இந்தப் புதிர்களால் என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புதிரின் விடை சரிதான். நீங்கள் மடக்கியதுதான் தவறு. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைக் கணக்கு போட்டே பார்ப்போம்.

சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்து இருவர் போட வேண்டிய பணமான பிளைண்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். நால்வரிடமும் சம சிப்ஸ் என்றால் உங்கள் பங்கின் மதிப்பு மொத்தப் பரிசில் 25 சதவீதம். கால் செய்து ஜெயித்தால் சிப்ஸ் இரண்டு மடங்காகும். ஆனால் பங்கு 50 ஆகாது. சிப்ஸைப் பரிசுப் பணமாக மாற்றிப் பார்க்க எல்லோரும் பயன்படுத்தும் ஐசிஎம் கணக்கில் அது 38.3 சதவீதம்தான். தோற்றால் பூஜ்யம். 25ஐ 38.3ஆல் வகுத்தால் 65 வருகிறது. அதாவது நூற்றுக்கு 65 முறையாவது ஜெயிக்கும் கை இருந்தால்தான் அங்கே கால் செய்யலாம். மீதிப் பணம் எங்கே போகிறது? கையை மடக்கிவிட்டு வேடிக்கை பார்க்கும் மற்ற இருவரிடம். நீங்கள் இருவரும் மோதியதால் அவர்கள் பங்கு சும்மாவே 25லிருந்து 30.8 ஆகிவிடுகிறது. பரிசு எல்லையில் எல்லோரும் பதுங்கி ஆடுவது இதனால்தான்.

இனி எதிராளி. இறுக்கமாக ஆடுபவர் ஜாக் ஜோடிக்குக் கீழே எதையும் தொடமாட்டார், அதற்கு மேல் உள்ள ஜோடிகளும் ஏஸ்-கிங்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதிராகக் குயீன் ஜோடி சுமார் 47 சதவீதம்தான் ஜெயிக்கும். தேவையோ 65. ஃபோல்ட், யோசிக்கவே வேண்டாம். எந்த இரண்டு சீட்டு வந்தாலும் ஆல் இன் போகிறவர் என்றால் அதே குயீன் ஜோடி சுமார் 80 சதவீதம் ஜெயிக்கும். அதே சிப்ஸ், அதே சீட்டு, விடை தலைகீழ்.

‘ரொம்ப இறுக்கமாக ஆடும் ஒருவர்’ என்பது புதிரில் ஒரு சின்னத் தகவல். விடை முழுக்க அதில்தான் இருந்தது. நீங்கள் விடையை எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டீர்கள். புதிர் போடுபவர் அதை எழுதியே கொடுத்துவிடுகிறார். மேசையில் அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்: இவர் எத்தனை கைகளில் உள்ளே வந்தார், என்ன சீட்டைக் காட்டினார், சிப்ஸ் குறைந்த பிறகு ஆட்டத்தை மாற்றினாரா. புதிர்களால் வராத பயிற்சி இதுதான்.

நண்பரின் ஏஸ்-ஒன்பதுக்கு வருவோம். எந்தச் சீட்டுக்கும் ஆல் இன் போகும் ஆளுக்கு எதிராக அது சுமார் 63 சதவீதம். தேவையான 65க்குக் கொஞ்சம் கீழே. பிளைண்டில் அவர் ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கும் முடிவு, பெரிய தப்பென்று சொல்ல மாட்டேன். குயீன் ஜோடியை மடக்கியதில் நீங்கள் விட்டதோ பரிசுத் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல். அந்த இரண்டு முடிவுகளில் பெரிய தவறு உங்களுடையதுதான். அதற்கும் கோப்பை யார் கையில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு டோர்னமெண்டின் முடிவை வைத்து ஆட்டத்தை எடை போடவே முடியாது. ஏஸ் ஜோடி கிங் ஜோடியைச் சந்தித்தால் சுமார் 82 சதவீதம் ஏஸ் ஜெயிக்கும். போக்கரில் இதைவிட நல்ல மோதல் அடிக்கடி கிடைக்காது. இப்படி ஆறு மோதல்கள் வந்தால் ஆறிலும் பிழைக்கும் வாய்ப்பு 30 சதவீதம்தான். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடியது. அவ்வளவு கைகள் ஆடியும், அதிர்ஷ்டம் குறுக்கே வரக்கூடாது என்று ஒரு அறையில் மனிதருக்கு வந்த சீட்டை இன்னொரு அறையில் நிரலுக்குக் கொடுத்து சரிக்கட்டினார்கள். நாம் ஒரு டோர்னமெண்டில் ஆடுவது சில நூறு கைகள்.

அதற்காகத் திறமையே இல்லை என்று ஆகிவிடாது. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் டான் ஹாரிங்டன் 2003இல் 839 பேரில் மூன்றாவது, 2004இல் 2,576 பேரில் நான்காவது. இப்படிப்பட்ட வரிசையைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஜானி சான் 1987, 1988 இரண்டு ஆண்டும் பட்டம் வென்று, 1989இல் இரண்டாவதாக வந்தார். அப்போது களத்தில் இருநூறு பேர் கூடக் கிடையாது. 2023இல் அதே போட்டிக்கு 10,043 பேர். சானுக்குப் பிறகு யாரும் தொடர்ந்து இரண்டு முறை வெல்லவில்லை.

எனவே புதிரை விடாதீர்கள், போடும் விதத்தை மாற்றுங்கள். விடை வந்ததும் நிறுத்தாமல், எதிராளி எவ்வளவு தளர்வாக ஆடினால் இந்த ஃபோல்ட் காலாக மாறும் என்று தேடுங்கள். ஆடி முடித்த பிறகு சிக்கலான கைகளை எழுதி வையுங்கள், கடைசியில் யார் ஜெயித்தார் என்பதை மட்டும் எழுதாமல். அதை நன்றாக ஆடும் ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் அவர் கருத்தும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம், நண்பர் ஜெயித்தார் என்பதற்காகக் கட்டணம் அதிகமான டோர்னமெண்டுக்குத் தாவிவிடாதீர்கள். போனால் பாதிக்காத பணம் மட்டும் மேசைக்கு வரட்டும்.

உங்களுக்கு ஒரு புதிர். பரிசுப் பங்கு அதேதான், நால்வரின் சிப்ஸ் மட்டும் 4,000, 3,500, 2,300, 200. உங்களிடம் 3,500. 4,000 வைத்திருப்பவர் ஆல் இன் போகிறார். 200 வைத்திருப்பவர் அடுத்த கையில் பிக் பிளைண்டு (இரண்டு பிளைண்டுகளில் பெரியது) போட வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்பதால் கால் செய்யத் தேவையான அளவு 65லிருந்து சுமார் 77க்கு ஏறிவிடுகிறது. உங்கள் கையில் மறுபடியும் குயீன் ஜோடி. எதிராளி எவ்வளவு தளர்வாக ஆடினால் கால் செய்வீர்கள்? போட்டுப் பார்த்து எழுதுங்கள்.