நிக்கான் டி90 கேமரா வாங்கலாம், லென்ஸை மட்டும் நல்லா பாருங்க

தம்பி, புனலூர்ல ஒருத்தர் நிக்கான் டி90-ஐ 18-105 எம்எம் ஜூம் லென்ஸோட தர்றார், 2008 மாடலை இப்ப வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா வாங்கலாம். 12 மெகாபிக்சல் வீட்டு விசேஷத்துக்கும் ஏ4 பிரிண்டுக்கும் போதும். ராத்திரியில ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு, 1600-ஐத் தாண்டாதீங்க.

எனக்குக் கவலை லென்ஸ்தான். நம்ம செங்கோட்டைப் பக்கம் சாரல் மாசத்துல பீரோவுக்குள்ளயே பூஞ்சை பிடிக்கும். லென்ஸைக் கழற்றி, பின்னாடி இருக்கிற சின்ன நெம்புகோலைத் தள்ளிப் பிடிச்சா லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துளை திறக்கும். ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் பாருங்க. ஓரத்துல ஒட்டடை மாதிரி மெல்லிய நூல் தெரிஞ்சா அந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம். என் 50 எம்எம் லென்ஸ் அப்படித்தான் போச்சு, இன்னும் மனசு ஆறல.

ஷட்டர், அதாவது படம் எடுக்கும்போது திறந்து மூடுற திரை, ஒரு லட்சம் தடவைக்குச் சோதிச்சது; இதுவரை எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க. படம் சேமிக்கிற எஸ்டி கார்டு 32 ஜிபிக்குள்ள வாங்குங்க.